எல்லப்பன் வீட்டு ஏரி

கோட்டைக்குப்பத்தில் யாரும் ஏரியை மணலில் கோடு போட்டுக் காட்டமாட்டார்கள். ஆழம் எங்கே, சேறு எங்கே, வலை கட்ட எந்த இடம் தோது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். விளையாட்டாக யாராவது குச்சியால் ஒரு வளைவு கீறினால்கூடப் பக்கத்தில் இருப்பவர் காலால் அழித்துவிடுவார். ஏன் என்று பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த வழக்கம் எல்லப்பனால் வந்தது. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம்.

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. முப்பது வயதில் எல்லப்பனின் கணுக்காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. விஷம் இறங்கிவிட்டது, வளைந்த கால் நிமிரவில்லை. தோணியில் நின்று கழி ஊன்ற முடியாதவனுக்கு ஏரியில் என்ன வேலை? மனைவி பச்சையம்மா கூடை தூக்கி மீன் விற்கப் போனாள். மகள் தேவகி வலை பின்னினாள். இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஒருநாள் களிமண் கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டினான். பச்சையம்மா அடுப்பு போடுகிறான் என்று நினைத்தாள். அவன் ஏரியைப் போட்டான். இருந்ததே ஒரு அறை, அதில் முக்கால்வாசி ஏரிக்குப் போனது. திட்டுகள், ஓடைகள், கடலோடு சேரும் முகத்துவாரம் எல்லாம் வந்தன. கரைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசினான். கணவாய் மீனின் ஓட்டைச் செதுக்கி நகமளவு தோணிகள் செய்தான். குடத்துத் தண்ணீரை முகத்துவாரத்தில் ஊற்றினால் கடல்வெள்ளம் ஏறுகிற மாதிரியே ஏறி, தோணிகள் ஒவ்வொன்றாக அசையும். சோறு வெளியே பொங்கினார்கள், படுக்கை ஓரமாக ஒடுங்கிவிட்டது. பச்சையம்மா திட்டாத நாள் இல்லை. ஆனால் வருகிறவர்களுக்கு அதைக் காட்டும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு எந்தக் குடும்பத்துக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். உன் பாடு இதுவரைதான், என் பாடு அதுவரை என்று வருஷா வருஷம் மண்டை உடையும். எல்லப்பன் ஒவ்வொரு பாட்டின் எல்லையிலும் திருக்கை முள் நட்டு வைத்தான். சண்டைக்காரர்கள் இருவரும் அவன் வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தார்கள், வாயடைத்துத் திரும்பினார்கள். அப்புறம் அவன் சொல்வதுதான் சட்டம். ஏரியிலிருந்து வருகிறவர்கள் முதலில் அவனிடம் வந்து, இன்ன இடத்தில் கழி இத்தனை முழம் இறங்கியது என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். தப்பாகச் சொன்னால் கண்டுபிடித்துக் கத்துவான். வடக்கே இருந்த குப்பங்களிலும் இதைப் பார்த்து வீட்டுக்குள் ஏரி போட ஆரம்பித்தார்கள். முள் நடுவதைக்கூட அவனிடம் கேட்டுத்தான் நட்டார்கள்.

பிறகு இரண்டு வருஷம் மழை இல்லை. உள்நாட்டில் பஞ்சம். ஒல்லாந்தர் கப்பலுக்கு அடிமைகளாக ஆள் பிடித்துக் கொடுக்கும் கூட்டம் கரையோரம் சுற்ற ஆரம்பித்தது. கடலில் கப்பல் நங்கூரம் போட்டுவிட்டால், குப்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் தோணி ஏறி, கண்டல் புதருக்கு நடுவே இருந்த ஒரு திட்டில் போய் ஒளிந்துகொள்வார்கள். அங்கே போக ஒரே வழி நரி ஓடை. வேறு பக்கமாகப் போனால் தோணி சேற்றில் உட்கார்ந்துவிடும். அந்த ஓடை குப்பத்துக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த நரி ஓடையும் எல்லப்பனின் ஏரியில் இருந்தது. பச்சையம்மாவின் அண்ணன் பூபதி அதை எடுத்துவிடும்படி பலமுறை சொன்னான். இல்லாததை வைப்பதும் தப்பு, இருப்பதை எடுப்பதும் தப்பு என்று எல்லப்பன் மறுத்துவிட்டான்.

ஒருநாள் காலை கோட்டை துபாஷியின் சேவகன் வந்தான். எல்லப்பன் வீட்டு ஏரியின் பேர் கோட்டைவரை போயிருக்கிறது, அதிகாரி உச்சிப்பொழுதில் நேரில் பார்க்க வருகிறார் என்றான். சேவகன் போனதும் பச்சையம்மா கதவைச் சாத்தினாள்.

“இத்த ஒடைச்சிப் போட்ருய்யா. கால் தடுக்கி உளுந்துட்டேன்னு சொல்லு” என்றாள். “பொயச்சிக் கெடந்தா இன்னொன்னு செய்யமாட்டியா?”

எல்லப்பன் ஏரியைப் பார்த்தான். ஆறு வருஷத்து உழைப்பு. கோட்டையிலிருந்து ஒரு அதிகாரி தன் குடிசை தேடி வருகிறார் என்ற நினைப்பும் உள்ளே இனித்தது, அதை மறைக்க வேண்டாம்.

“ஒரு ஓடதானே. அத்த மட்டும் மூட்றேன்” என்றான்.

களிமண் பிசைந்து நரி ஓடையை அடைத்தான். உள்ளங்கையால் தேய்த்துச் சமமாக்கினான். மேலே சாம்பல் தூவினான். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

அதிகாரி வந்தார். துபாஷி பக்கத்தில் நின்று பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னான். கணவாய்த் தோணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார் அதிகாரி. முகத்துவாரத்தில் ஆழம் எவ்வளவு என்று கேட்டார். எல்லப்பன் சொன்னான். கேட்காததையும் சொன்னான். வெகுநேரம் ஆயிற்று. பேச்சுக்கு நடுவே அதிகாரியின் பார்வை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. எல்லப்பனும் அங்கே பார்த்தான். ஆறு வருஷமாகக் காய்ந்து வெளுத்த மண்ணில் ஒரு இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. ஈரம் ஊறிச் சாம்பலைத் தின்றுவிட்டிருந்தது. வளைவு வளைவாக, ஒளியும் திட்டுவரை நரி ஓடை முழுசாக அங்கே தெரிந்தது.

அதிகாரி குனிந்து அந்த இடத்தை ஒரு விரலால் அழுத்தினார். விரலில் ஒட்டிய சேற்றைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அற்புதமான வேலை என்று துபாஷி வழியாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எல்லப்பன் யாரிடமும் சொல்லவில்லை. பூபதியிடம் சொன்னால் அன்றே சொன்னேனே என்பான். பச்சையம்மாவிடம் சொன்னால் அதைவிட மோசம். ஒரு விரல் வைத்தால் என்ன தெரிந்துவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் கப்பல் வந்தது. வழக்கம்போல் விடிந்ததும் தோணிகள் கிளம்பின. பச்சையம்மாவும் தேவகியும் துணி மூட்டையோடு பூபதியின் தோணியில் ஏறினார்கள். எல்லப்பன் நொண்டிக்கொண்டு தண்ணீர்வரை வந்தான்.

“இந்தத் தபா போவ வேணாம்” என்றான்.

“இன்னாத்துக்கு?” என்றாள் பச்சையம்மா.

தோணியில் இருந்த எல்லாரும் அவனையே பார்த்தார்கள். பூபதி கழியை ஊன்றியபடி காத்திருந்தான். எல்லப்பனுக்கு நாக்கு வரை வந்தது. வெட்கம் முந்திக்கொண்டது.

“ஒண்ணுமில்ல. போய்ட்டு வாங்க.”

“தண்ணி குட்ச்சிட்டு படு நைனா” என்றாள் தேவகி. தோணி நகர்ந்தது.

ஆள் பிடிப்பவர்களின் படகுகள் எங்கும் தடுமாறவில்லை. கடல்வெள்ளம் ஏறும் நேரம் பார்த்து நேராக நரி ஓடைக்குள் நுழைந்தன. முப்பத்தெட்டுப் பேரைக் கொண்டுபோனார்கள். பூபதியை அடித்துச் சேற்றில் போட்டார்கள். வயதானவர்களையும் நோயாளிகளையும் விட்டுவிட்டார்கள். இருமலில் மெலிந்திருந்த பச்சையம்மா திரும்பி வந்தாள். தேவகி வரவில்லை. மூன்றாம் நாள் கடலில் கப்பல் இல்லை.

வழி காட்டியது யார் என்று குப்பம் கொந்தளித்தது. ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். எல்லப்பன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் துபாஷியின் சேவகன் மறுபடி வந்தான், கையில் சீமையிலிருந்து வந்த சிவப்புச் சகலாத்துக் கம்பளித் துணி. ஏரி செய்தவருக்குக் கோட்டையிலிருந்து வெகுமதி என்று குப்பத்தின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னான்.

சேவகன் போனபிறகு பூபதி எழுந்து வந்தான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர். உள்ளே நுழைந்து, எல்லப்பனை ஓரமாக நகர்த்தி உட்கார வைத்துவிட்டு, ஏரியை மிதித்தார்கள். தோணிகள் காலடியில் நொறுங்கின. அன்று சாயங்காலத்துக்குள் வடக்கே இருந்த குப்பங்களிலும் ஒரு ஏரி மிஞ்சவில்லை. எல்லப்பன்மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. அதற்கப்புறம் அவன் இருபது வருஷம் இருந்தான், அவனிடம் யாரும் ஆழம் கேட்கவில்லை.

எல்லாரும் போனபின் பச்சையம்மா உள்ளே வந்தாள். சகலாத்துத் துணி அவன் மடியில் அப்படியே கிடந்தது. உடைந்த மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

“அன்னிக்கு கரையில போவ வேணாம்னு சொன்னியே” என்றாள். “அப்ப ஒனக்குத் தெரியுமா?”

எல்லப்பன் தலை குனிந்துகொண்டான்.