இருபத்தைந்து கிலோவுக்குள்

மனைவியின் பெட்டியை அடுக்கி முடிக்க மடிப்பு அண்ணனுக்கு அன்றைக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அதே அளவுப் பெட்டியைக் கடையில் எட்டே நிமிடத்தில் அடுக்கி, பூட்டி, நிமிர்த்தி நிறுத்திவிடுவார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடை. பயணப் பெட்டி, தோள்பை, பள்ளிக்கூடப் பை விற்கிற கடை. அவர் முன்னால் விற்பனையில். நான் பின்னால் ஒரு சின்ன அறையில் அறுந்த ஜிப்பையும் உடைந்த சக்கரத்தையும் மாற்றிக் கொடுக்கிறவன். அவர் குடியிருந்த கட்டிடத்திலேயே மேல்மாடியில் எனக்கும் ஓர் அறை கிடைத்தது. அப்புறம் அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி, அவர்கள் மகளுக்கு நான் சித்தப்பா என்று தானாகவே ஆகிப்போனது.

மடிப்பு என்று பேர் வைத்தது முதலாளி. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் சேர்கிற நேரத்தில் கடை வாசலில் ஒரு மேசை போடுவார்கள். அதன்மேல் நடுத்தர அளவில் ஒரு பெட்டி, பக்கத்தில் குவியலாகத் துணி. ஆறு சட்டை, நாலு பேன்ட், ரெண்டு துண்டு, ஒரு ஸ்வெட்டர், உள்ளாடைகள், ஒரு ஜோடி ஷூ, ஷேவிங் சாமான். "இவ்வளவும் இதுக்குள்ள போகுமா?" என்று அண்ணன் கேட்பார். கூட்டத்தில் எவனாவது "போகாது" என்பான். அண்ணனுக்கு அது போதும்.

பெட்டியின் அடியில் கைப்பிடிக் கம்பி ஓடுகிற இடத்தில் நீளமாகப் பள்ளங்கள் இருக்கும். முதலில் அதைத்தான் காட்டுவார். "எல்லாரும் இதுக்கு மேலேயே துணியப் பரப்புவாங்க. பள்ளத்துல காத்துதான் இருக்கும். காத்தை எதுக்கு சார் விமானத்துல ஏத்தணும்?" சாக்ஸும் பனியனும் சுருண்டு அந்தப் பள்ளங்களுக்குள் போகும். ஷேவிங் சாமான் ஷூவுக்குள் போகும். ஷூ இரண்டும் தலைமாறிச் சக்கரத்துப் பக்கம் உட்காரும். கனமானதை மேலே வைத்தால் பெட்டியை நிமிர்த்தும்போது சரிந்து சட்டையை நசுக்கிவிடும். பேன்ட்டை இடுப்பு உள்ளேயும் கால் வெளியேயும் இருக்கிற மாதிரி விரித்து, நடுவில் மற்றதையெல்லாம் அடுக்கி, தொங்குகிற கால்களை எடுத்து மேலே போர்த்துவார், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி. பெல்ட்டைச் சுருட்ட மாட்டார். ஓரத்தை ஒட்டி வளைத்து விட்டுவிடுவார். மூடினால் ஜிப் முனகாமல் ஓடும். கைதட்டுவார்கள். நாலைந்து பெட்டி விற்றுப்போகும்.

"நீங்க எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயிருக்கீங்க?" என்று சிலர் கேட்பார்கள். அவர் பக்கத்து ஊருக்குப் போனாலே பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிற ஆள். "நான் எதுக்கு சார், என் பெட்டி போகுதே" என்பார்.

கடையில் அப்படி இருக்கிற கை வீட்டில் சும்மா இருக்குமா? அண்ணி துணியை மடித்து அலமாரியில் வைத்தால் அதைப் பிரித்து மறுபடி மடிப்பார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக மாற்றிக் கவிழ்ப்பார். "இங்க குடு" என்பது அவர் வாயிலேயே குடியிருந்தது. திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். சிரித்துக்கொண்டே கையிலிருப்பதை வாங்கிக்கொள்வார். "இங்க குடு. இப்படி நறுக்கினா பாதி வெங்காயம் குப்பைக்குத்தான் போகும்." அண்ணி கத்தியைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அது அன்பாகத்தான் பட்டது. எத்தனை வீட்டில் ஆம்பளை அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

மகளுக்குப் பதினைந்து வயதாகும்போது அண்ணிக்கு வெளிநாட்டில் ஒரு வேலை அமைந்தது. பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற வேலை. கூடப் படித்த தோழி ஒருத்தி அங்கே இருந்தாள், அவள் சொல்லி விட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேறு வழியும் இல்லை. அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. "ரெண்டு வருஷம்தானே, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்றார்.

கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடையின் தொங்கு தராசை எடுத்துக்கொண்டு கீழே போனேன். இருபத்தைந்து கிலோதான் அனுமதி. அண்ணி பெட்டியை முன்தினமே தானாக அடுக்கி மூடி, கதவோரம் நிறுத்தியிருந்தார். அண்ணன் அதைப் படுக்கவைத்துத் திறந்தார்.

"நான் வச்சு முடிச்சுட்டேங்க. மூடிட்டேன் பாருங்க" என்றார் அண்ணி.

"மூடுது, யாரு இல்லைன்னா? இன்னும் ஆறு கிலோ போகும் இதுல. இங்க குடு."

எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினார். அண்ணி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ஒவ்வொன்றாக மடித்து, சுருட்டி, இடுக்குப் பார்த்துச் செருகினார். பாதியில் எழுந்து வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வேண்டாம் என்று அண்ணி ஒதுக்கி வைத்ததையெல்லாம் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தார். கம்பளிப் போர்வை, தையல் கத்தரிக்கோல், நூல்கண்டு டப்பா, அண்ணி டீ குடிக்கிற பூப்போட்ட கப், கல்யாணத்துக்கு முன்னால் படித்த தட்டச்சுப் புத்தகம், அண்ணியின் செத்துப்போன அம்மாவின் சட்டம் போட்ட படம்.

"அதெல்லாம் இங்கயே இருக்கட்டுமே" என்றார் அண்ணி.

"போற இடத்துல கப்புக்கு யாருகிட்ட போய் நிப்ப? எல்லாம் போகும். நீ பேசாம பாரு."

கப்புக்குள் நூல்கண்டு போனது. கப்பைச் சுற்றி சாக்ஸ். படம் இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவில் போனது. போர்வையை முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றித் தகடு மாதிரி ஆக்கினார். மகள் கட்டில் விளிம்பில் குத்துக்காலிட்டு, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தராசில் மாட்டித் தூக்கினோம். இருபத்து நாலு கிலோ எண்ணூறு கிராம். அண்ணன் முகம் பல்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது. "இன்னும் இருநூறு கிராம் இருக்கு!" என்று ஓடிப்போய் இரண்டு சோப்பை எடுத்து வந்து மூலையில் செருகினார். அண்ணி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் விமானம் ஏறிவிட்டார்.

இரண்டு வருடம் நாங்கள் நினைத்ததைவிட வேகமாகத்தான் ஓடியது. ஞாயிறு தோறும் போன் வரும். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் அண்ணி சொன்னார், மேற்பார்வை வேலை தருகிறார்கள், இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டுமா என்று. அண்ணன் சரி என்றார். அடுத்த நாள் அவர் கடைக்கு வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் வீடு தலைகீழாகக் கிடந்தது. அலமாரி காலி. துணி, காகிதம், டப்பா எல்லாம் தரையில். நடுவில் அண்ணன்.

"என்ன அண்ணே தேடுறீங்க?"

"அவளோடது ஏதாவது இருக்கான்னு பாக்கிறேன். இது வேணும்னு அவ திரும்பி வர்ற மாதிரி ஒண்ணு. ஒரு ஹேர்பின் கூட இல்லடா. எல்லாத்தையும் நானே வச்சு அனுப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"பொண்ணு இங்கதானே இருக்கா அண்ணே, அவளுக்காகவாவது வரமாட்டாங்களா?" என்றேன். சொன்னபோது தெரியவில்லை, எங்கே கை வைக்கிறேன் என்று.

அண்ணி ஒரே ஒரு தடவை வந்தார், பத்து நாள் விடுமுறையில். உடம்பு கொஞ்சம் பூசி, நிமிர்ந்து நடந்தார். அந்தப் பத்து நாளும் அண்ணன் தன்னைக் கட்டிப்போட்ட மாதிரிதான் இருந்தார். ஒரு நாள் அண்ணி துவைத்த துணியை மடித்து வைக்க, அண்ணனுடைய கை தானாக நீண்டது. பாதியில் மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி அதைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, ஏதோ ஊர்க்கதை சொல்கிற மாதிரி சொன்னார்: "அங்க ஒரு நாளைக்குப் பதினாலு ரூம். நான் மடிச்சு வச்சதை அங்க யாரும் பிரிச்சுப் பாக்கிறதில்ல தம்பி. ஆரம்பத்துல கொஞ்ச நாள் பயமா இருந்துச்சு, யாராவது வந்து பிரிப்பாங்களோன்னு. அப்புறம் பழகிடுச்சு." அண்ணன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நெடுநேரம் வரவில்லை.

மகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அங்கேயே, அம்மாவுக்குப் பக்கத்திலேயே, ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் பெட்டியையும் அண்ணன்தான் அடுக்கினார். அன்றைக்கும் தராசோடு போனேன். அவர் அடுக்கின விதத்தைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டேன். பள்ளங்கள் வெறுமையாக இருந்தன. ஷூ மேலே கிடந்தது. துணியை நாலாக மடித்து, தளர்வாக, இட்லித் துணி பரப்புகிற மாதிரி பரப்பியிருந்தார்.

"அவ்ளோதான்மா, ரொம்பிடுச்சு" என்றார். "அந்தப் பச்சை ஸ்வெட்டர், உன் டைரி, படம் வரையற பெட்டி, எதுக்கும் இடமில்ல. இங்கயே இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கோ."

மகள் பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. புரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"என்னப்பா நீங்க, இவ்ளோ இடத்தை வீணாக்கியிருக்கீங்க? இங்க குடுங்க" என்றாள்.

அப்படியே அவர் குரல். கட்டிலில் கொட்டிவிட்டு, பள்ளத்தில் சாக்ஸ், சக்கரத்துப் பக்கம் ஷூ என்று மளமளவென்று அடுக்கினாள். ஸ்வெட்டர், டைரி, வரைகிற பெட்டி, சின்ன வயதிலிருந்து கூடவே வைத்துத் தூங்கிய கிழிந்த தலையணை உறை வரைக்கும் உள்ளே போனது. கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "எப்படி?" என்று சிரித்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றார் அண்ணன். "என்னைவிட நல்லா வச்சிருக்க."

அவளை ஏற்றிவிட்டு வந்த வாரம் சனிக்கிழமை மேசை போட்டார்கள். "இவ்வளவும் இதுக்குள்ள போகுமா?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவர் "போகாது" என்றார். "ஆமா சார், போகாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே வந்துவிட்டார். கூட்டம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு முதலாளி அவரைக் கிடங்குக்கு மாற்றினார். சம்பளத்தில் கை வைக்கவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷன். இப்போது மேசையில் வேறொருவர் நிற்கிறார். ஒப்பிக்கிறார், விற்கிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் இருந்தேன். போன் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. மகள் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். எத்தனை நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாரோ.

"நான் ஒரு மாசம் அங்க வந்து இருந்துட்டுப் போகவா?"

"இங்க ரெண்டே கட்டில்தாங்க. எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு."

"நான் கீழ படுத்துக்கிறேன். எனக்கு என்ன?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாயை யாரோ மூடினார்கள்.

"வேண்டாங்க" என்றார் அண்ணி. கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க வந்தா எல்லாத்தையும் மாத்தி வைப்பீங்க."

"இல்ல, நான் எதையும் தொட மாட்டேன்."

"தொடாம இருக்க உங்களால முடியாது. பத்து நாள் வந்தப்போ பார்த்தேனே. நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்ததைப் பாக்க எனக்குப் பாவமா இருந்துச்சு. நீங்களும் கஷ்டப்பட வேண்டாம், நானும் வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

"சரி" என்றார் அண்ணன். அங்கே குளிர் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றார் அண்ணி. போன் வைத்தாகிவிட்டது.

"ஒரு நாள்கூட அவளை அடிச்சதில்ல, திட்டினதில்ல" என்றார் என்னிடம். நியாயம் கேட்கிற மாதிரி இல்லை. எங்கேயோ தொலைந்ததைத் திரும்பத் திரும்ப ஒரே பையில் தேடுகிற மாதிரி. "அவளுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதானேடா செஞ்சேன்."

ஆமாம் அண்ணே என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் போன் மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. மகள் மட்டும் பேசுகிறாள். கிடங்கில் வேலை முடிந்ததும் அண்ணன் கடையில் என் ரிப்பேர் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் சக்கரம் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பென்றால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கியிருப்பார். ஒரு நாள் வேண்டுமென்றே ஸ்க்ரூவைக் கோணலாகத் திருகினேன், ஏதாவது சொல்வார் என்று. பார்த்துக்கொண்டே இருந்தார். கடை மூடுகிற நேரம் வந்ததும் எழுந்து, தினமும் கூடவே வீட்டுக்கு வருகிற என்னையும் கூப்பிடாமல், கடைப் படியிறங்கிப் போனார்.