கணக்கில் வராத பன்னிரண்டாவது கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில் நான் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் ஒரு மாடி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பெனி. ஈசூனிலிருந்து டோபி காட் வரை எம்ஆர்டி ரயில், அங்கிருந்து நடை. மாலை வகுப்பில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். அந்த ஒரே காரணத்துக்காக அங்கிருந்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்களையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எல்லாம் ஒரே கேபிளில் வரிசையாகக் கோக்கப்பட்டு, மூலையிலிருந்த சர்வரில் போய் முடிந்தன.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பிளாப்பி வந்தது. அதிலிருந்த புரோகிராமுக்குக் கணக்கெடுப்பதுதான் வேலை. காலையில் அவரவர் பெயரைத் தட்டி உள்ளே நுழையும்போது, அந்தக் கம்ப்யூட்டரில் எவ்வளவு மெமரி, என்னென்ன சாஃப்ட்வேர் என்று அதுவே குறித்துக்கொள்ளும். மாலையில் பட்டியலை அச்சடித்து அனுப்ப வேண்டியது நான்.

முதல் பட்டியலில் பதினொன்றுதான் இருந்தது. விடுபட்டது தட்டச்சர் அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டியவர், தோ பாயோவிலிருந்து வருபவர், அலுவலகத்தின் கடிதம் முழுக்க அவர் கையால்தான் போகும். பலகைத் தடுப்புக்குப் பின்னால், ஒரு பக்கம் கம்ப்யூட்டரும் மறுபக்கம் பழைய தட்டச்சு இயந்திரமுமாக உட்கார்ந்திருப்பார். கார்பன் தாள் வைத்து அடிக்கும் சுங்கப் படிவங்களுக்காக அந்த இயந்திரத்தை விட்டுவைத்திருந்தார்கள்.

மறுநாள் மதியம் அவர் சாப்பிடப் போனதும் அங்கே போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. போட்டேன், நுழைந்தேன். அன்றைய பட்டியலில் பன்னிரண்டு. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் மறுபடி பதினொன்று.

கேபிளில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் ஓர் இணைப்பைக் கழற்ற, மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. பத்துப் பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் எதுவும் நடக்காததுபோல் தட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு பொறுமை என்று நினைத்துக்கொண்டேன்.

புதுக் கேபிள் போட்டேன். சோதித்தால் பன்னிரண்டு, மறுநாள் பதினொன்று. கம்ப்யூட்டர்களை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு சீன இளைஞர் வந்து நெட்வொர்க் கார்டையே மாற்றினார். நான் சோதிக்க வருவது தெரிந்து அக்கா மரியாதைக்காக முன்கூட்டியே அணைத்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அது அணைந்தேதான் இருந்தது. போட்டால் ஒரு குறையும் இல்லை. அந்த இளைஞர், கம்ப்யூட்டருக்கு உன்னைப் பிடித்திருக்கிறது லா, என்று சிங்கப்பூர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேலாளருக்குப் பொறுமை தீர்ந்தது. "நீ போய் உக்காந்தா இருக்கு, எந்திரிச்சு வந்தா காணோம். என்னம்மா இது, பேயா?" என்றார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்பே வந்து, தடுப்புக்குப் பக்கத்தில் கோப்பு தேடுவதுபோல் நின்றுகொண்டேன். அக்கா வந்தார். கைப்பையை வைத்தார். கம்ப்யூட்டர்மேல் போர்த்தியிருந்த பூப்போட்ட துணியை எடுத்து உதறினார், திரும்ப அதன்மேலேயே போர்த்தினார். பிறகு நாற்காலியை மறுபக்கம் திருப்பி, தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினார்.

"அக்கா, கம்ப்யூட்டர ஆன் பண்ணலியா?"

"எதுக்கு?" என்றார்.

இரண்டு வருடமாக அவர் அதைப் போட்டதே இல்லை. கடிதங்கள் எல்லாம் இயந்திரத்தில் அடித்தவை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரமாக மேசைக்கடியில் தவழ்ந்ததில் முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ வந்து வந்து அத பாத்துக்கிட்டே இருந்தியா, ஒனக்கு அது பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்," என்றார் அக்கா. அதற்குப் பிறகு கோபப்பட முடியவில்லை.

ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, பெயரைத் தட்டி, புரோகிராம் எண்ணி முடித்ததும் வெளியேறி அணைத்துவிட வேண்டும். அவரும் தவறாமல் செய்தார். பட்டியலில் பன்னிரண்டு நிலைத்தது. கார்டில்தான் பிரச்சினை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் புரோகிராம் உள்ளே வரும் நேரத்தோடு வெளியேறும் நேரத்தையும் குறிக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளருக்குக் கடிதம் வந்தது. மற்றவர்கள் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்க, உங்கள் தட்டச்சர் தினமும் நான்கே நிமிடத்தில் அத்தனை கடிதங்களையும் முடிக்கிறார், அவருடைய முறையைக் கற்றுக்கொள்ள ஓர் அதிகாரியை அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அக்காவிடம் சொன்னபோது, வரட்டும் என்றார்.

டை கட்டிய அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அக்கா அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எழுதியவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம் என்றார். முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும் என்றார். அதிகாரி மூன்று பக்கம் எழுதிக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

அவர் போனதும் அக்காவும் நானும் கீழே இறங்கித் தோசை சாப்பிட்டோம். கம்ப்யூட்டரை நானே சொல்லித்தருகிறேன், கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். தீபாவளி கழியட்டும் என்றார். தீபாவளி கழிந்ததும் பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கலுக்கு முன்பே எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.