பஸீலா கண்ணாடியைக் கழற்றிய வாரம்

பஸீலா லேசர் சிகிச்சைக்குத் தீர்மானித்தது எந்த டாக்டரின் பேச்சைக் கேட்டும் அல்ல. ஐப்பசி மழையில், பெரிய கடைவீதியில், தன் புருஷன் தாஹா என்று நினைத்து முன்பின் தெரியாத ஒருவருடைய ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, "சீக்கிரம் போங்க, நனையுறேன்ல" என்று அதட்டிய பிறகுதான். அந்த மனிதரும் பாவம், பயந்துபோய்ப் பாதி வீதி வரை போய்விட்டார். முகத்தை மூடிய நிகாபுக்குள் விடும் மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படியும். கழற்றினாலோ, பவர் மைனஸ் எட்டு. உலகமே நோன்புக் கஞ்சியாகக் குழைந்துவிடும்.

"ஒண்ணு எனக்கு லேசர், இல்லன்னா நீங்க தெனமும் ஒரே சட்டை போடணும்" என்றாள் தாஹாவிடம். தாஹா சட்டைப் பிரியன். லேசர் என்று முடிவானது.

முட்டுக்கட்டை போட்டவர் அவளுடைய அம்மா சாரா பீவி. "படைச்சவன் குடுத்த கண்ணுல நெருப்பு வைக்கிறதா?" என்று மூன்று மாதம் முறுக்கிக்கொண்டார். ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரியில் கருவிழியின் தடிமனை அளந்துவிட்டு, "தாராளமா பண்ணலாம்" என்று டாக்டரம்மா சொன்னதும் பஸீலா அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் அம்மா இறங்கி வந்தார். கூடவே வருவேன் என்பது நிபந்தனை.

சிகிச்சையன்று காலை நர்ஸ் ரோசரி அவள் இமையைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கன்னங்கரேலென்று சுர்மா. கண்ணில் மை, சுர்மா எதுவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பஸீலா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். மூலையில் அம்மா தஸ்பீஹ் மணியை மும்முரமாக உருட்டிக்கொண்டிருந்தார்.

"விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு, நீ தூங்குறப்ப துஆ ஓதித் தடவிவிட்டேன். கண்ணுக்குக் குளிர்ச்சின்னு பண்ணேன்."

"கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க?" என்று ரோசரி சிரித்தார். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

"அல்லாஹ்வே தடுத்துட்டான். விட்டுரு புள்ள" என்றார் அம்மா.

"அல்லாஹ் தடுக்கல. நீதான் தடுத்த."

அடுத்த முறை பஸீலா சுர்மாக் குப்பியைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

இமையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, பச்சை விளக்கையே பாருங்க என்றார்கள். முடி கருகுகிற வாசம் வந்தது. முதல் கண்ணுக்கு யாசீன் சூராவைத் தொடங்கினாள். பாதி ஓதுவதற்குள் இரண்டு கண்ணும் முடிந்திருந்தது. இதற்கா மூன்று மாதம் சண்டை போட்டோம் என்று சிரிப்பு வந்தது.

மறுநாள் பரிசோதனை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் ஏறியவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாமரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஏறியதும் மலைக்கோட்டைப் படியில் ஆள் நடப்பதுகூடத் தெரிகிறது என்று சத்தியம் செய்தாள். கண்ணில் பட்ட போர்டையெல்லாம் சத்தமாகப் படித்தாள். எல்லாவற்றுக்கும் அம்மா, "ஆமா, ஆமா" என்றார்.

குஷியில் ஒரு குறும்பு தோன்றியது. "அந்தா பாரும்மா, ஒட்டகப்பால் கிடைக்கும்னு எவ்ளோ பெருசா எழுதியிருக்கான்."

"ஆமா, போட்டிருக்கான்" என்றார் அம்மா.

அங்கே இருந்தது நகைக்கடை விளம்பரம். பஸீலா சிரிக்க வாயெடுத்து நிறுத்தினாள்.

"சரி, எதிர்ல வர்ற பஸ் எந்த ஊருதும்மா?"

"எந்த ஊரா இருந்தா நமக்கென்ன?"

பஸீலா கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அம்மாவைப் பார்த்தாள். கண்ணை இடுக்கி, முகத்தை முன்னால் நீட்டி, அம்மா அந்தப் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளாம்மா இப்படி?"

"அது கெடக்கு, ஏழெட்டு வருஷமா. உன் கண்ணுக்கே அலைஞ்சுக்கிட்டிருந்தோம். இதுல எனக்கும்னு எப்படிச் சொல்றது?"

பஸீலாவால் அழவும் முடியாது, கண்ணைக் கசக்கக்கூடாது என்று உத்தரவு. அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"அண்ணே, பாலம் முடிஞ்சதும் வண்டியத் திருப்புங்க. ஆஸ்பத்திரிக்கே போகணும்."

அம்மா பதறினார். "ஏன் புள்ள, அங்க எதையும் மறந்து வச்சுட்டு வந்துட்டியா?"

"ஆமாம்மா. உன்னத்தான்."