சாவடியில் சோதனை போட்ட அத்தை

என் அத்தையின் கையை நினைத்தால் இன்றைக்கும் இடுப்பு கூசும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "வாடி இங்க" என்று இழுத்து, பாவாடை நாடாவைச் சரிசெய்வது போல ஒரு தடவு தடவுவார். எந்த மடிப்பில் தேன்மிட்டாய் ஒளித்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். முகத்தைப் பார்க்கவே மாட்டார். கண் எங்கோ தெருவில் இருக்கும், கைதான் வேலை செய்யும். பிடுங்கிக்கொண்டதும் கிடையாது. "தங்கச்சிக்கும் ஒண்ணு குடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த கடைசி வருடங்களில், பூவத்தை ஒட்டிய எல்லைச் சாவடியில் பெண்களைச் சோதனை போடுகிற வேலை அத்தைக்கு. அந்தப் பக்கம் இந்தியாவில் சுதந்திரம் வந்துவிட்டது, இந்தப் பக்கம் வரவில்லை. அங்கே அச்சடித்த விடுதலைத் துண்டறிக்கைகளைப் பெண்கள்தான் புடவைக்குள் வைத்து இங்கே கொண்டுவந்தார்கள். ஆண் போலீசு அவர்களைத் தொட முடியாது என்பதால் அத்தையைப் பிடித்துப் போட்டார்கள். புருஷன் கைவிட்ட பொம்பளை, வேறு என்ன செய்வார்? ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் வேலை போயிற்று, 'பிரெஞ்சுக்காரன் கைக்கூலி' என்ற பேர் மட்டும் போகவில்லை. குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். கூடப் பிறந்த என் அப்பாவே நல்லது கெட்டதுக்கு அவரை முன்னால் நிறுத்தமாட்டார். ஏன் அந்த வேலைக்குப் போனீங்க என்று ஒருமுறை கேட்டேன். "சோறு திங்கத்தான்" என்றார்.

விடுதலை நாள் கூட்டங்களில் ஆண்கள் பேசி முடித்து நேரம் மிஞ்சினால் பெண்களுக்கு மைக் வரும். வந்தால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஒருவர் கொண்டைக்குள் வைத்தாராம், ஒருவர் மடியில் சொருகினாராம், ஒருவர் இடுப்புக் குழந்தையின் துணிக்குள் திணித்தாராம். எல்லோருமே அந்தச் சோதனைக்காரியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்தார்களாம். சின்ன வயதில் எனக்கும் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு நான் போலீசில் சேர்ந்தேன். திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் வரிசையில் வருகிற பெண்களைத் தடவிப் பார்த்து உள்ளே விடுவது பல தடவை என் வேலையாக இருந்தது. புடவைக்குள் ஒரு பஸ் டிக்கெட் இருந்தால்கூடக் கைக்குத் தெரியும். காகிதம் முறுமுறுக்கும், துணி அப்படிச் செய்யாது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒருத்தி ஏமாற்றியிருக்கலாம், சரி. அத்தனை பேருமா? அதுவும் என் அத்தையின் கையையா? யாரோ கதை விடுகிறார்கள் என்று பட்டது. அத்தையிடம் கேட்கலாம் என்றால் அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது ஊரில் ஒரு குழு, விடுதலைக்கு உழைத்த பெண்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைக்கப் போவதாகச் சொன்னார்கள். இத்தனை வருடம் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது என்று அதிலும் எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் போய் அத்தை பெயரைச் சொன்னேன். செயலாளர் நெளிந்தார். "சோதனை போட்டவங்களையே எப்படிங்க சேக்குறது? தெரிஞ்சேதான் விட்டாங்கன்னு அப்ப வந்தவங்கள்ல ஒருத்தராவது சொல்லணும்ல?" நியாயம்தான். ஆனால் அந்தப் பெண்களில் உயிரோடு இருப்பது ஒரே ஒருவர், சுரக்குடியில், தொண்ணூறைத் தாண்டிய தியாகி அம்மா.

போனேன். மருமகள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும், எங்கே வைத்தீர்கள் பெரியம்மா என்று கேட்டேன். அவர் மேடையில் சொல்கிற மாதிரியே உற்சாகமாக இடது இடுப்பைக் காட்டினார். அங்கே கிடந்த செய்தித்தாளை மடித்து அவர் மடியில் சொருகினேன். அத்தை மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவு தடவினேன். தாள் முறுமுறுத்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"அவ கை இங்கதான் நின்னுச்சு" என்றார் மெதுவாக. "மூஞ்சியப் பாக்கல. மடிய நல்லா இறுக்கிச் சொருகிவிட்டு, 'தளந்துபோயிருக்கு, பாத்துப் போ'ன்னா."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பின்ன ஏன் பெரியம்மா சொல்லல? குழாயடியில அவங்கள என்ன பாடு படுத்துனாங்க தெரியுமா?"

"பிரெஞ்சுக்காரன் இருந்தவரைக்கும் சொல்லியிருந்தா அவ கதி என்ன?"

"அவன் போனப்புறம்?"

அவர் மடியிலிருந்த தாளை எடுத்து நீவிக்கொண்டே இருந்தார். "மொத கூட்டத்துல பேசச் சொன்னாங்க. ஏமாத்திட்டேன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்கடி. எனக்கு அதுக்கு முன்னாடி யாரும் கை தட்டுனதில்ல."

கல் திறப்பு விழாவில் மேடையேறி இதை ஒரு தடவை சொல்லிவிடுங்கள், போதும், பெயரைப் பிறகுகூட வெட்டிக்கொள்ளலாம் என்று கேட்டேன். இந்த வயசில் என்னைப் பொய்க்காரி ஆக்காதே என்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "சரி, அவளைப் பத்தி நல்லதா ஏதாச்சும் சொல்றேன், போ" என்றார். நான் நம்பவில்லை. முழுக்க நம்பாமலும் இருக்க முடியவில்லை.

விழாவன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சக்கர நாற்காலியில் மேடையேற்றி அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அதே கதை, அதே இடது இடுப்பு, அதே கைதட்டல். பிறகு என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். கை தட்டியவர்களை அமர்த்திவிட்டு, "ஆனா அவளை இனிமே யாரும் துரோகின்னு ஏசாதீங்க" என்றார். நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன். "பாவம், அவ என்ன பண்ணுவா? அவ ஒரு அசடு. கையில பட்டதுகூடத் தெரியாத அசடு."

கூட்டம் சிரித்தது. வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எழுந்து கத்தியிருப்பேன், அந்த நடுங்குகிற தலையைப் பார்த்துக்கொண்டு எதைக் கத்துவது? கல்லில் வெட்டிய பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்தேன். அத்தை அதில் இல்லை.

செயலாளர் வேகமாக என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாம்மா, உங்க அத்தையைப் பத்தியும் பேசிட்டாங்க. இப்ப சந்தோஷம்தானே?"