காலியாக விட்ட கட்டம்

கல்வராயன் மலைக்காரர்கள் அவசரத்துக்கு ஜீப் அழைக்க ஒரு செயலி. அதுதான் என் மகளின் கல்லூரி புராஜெக்ட். அவளோ காகிதத்தில் கட்டங்களும் அம்புக்குறிகளுமாகத் திட்டம் வரைந்துகொண்டே இருந்தாள். செய்து காட்டும் நாள் நெருங்க, எனக்குப் பதற்றம்.

“படம் வரைஞ்சிக்கினே இருந்தா எப்படி டைப் அடிப்ப?”

“பிளான் போடாம வூடு கட்டுவாங்களாம்மா?”

“நம்ம வூட்ட அப்படித்தான்டி கட்டினோம். இடிஞ்சா வுழுந்துச்சு?”

‘சிக்னல் போனால்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கணினியில் புரோகிராம் டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

வெள்ளிமலையில் ஆசிரியர் முன்னால் செயலியை இயக்கிக் காட்டினாள். நானும் போயிருந்தேன். சிக்னல் போனது, செயலி அப்படியே நின்றுவிட்டது.

“இன்னாம்மா, சிக்னல் வர்ற வரைக்கும் நோயாளி காத்துக்கினு இருக்கணுமா?” என்றார் பார்க்க வந்திருந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“நான்தான் சார் யோசிக்கல” என்றாள் மகள், என் பக்கம் திரும்பாமலே.

அவசரப்படுத்தியது நான் என்று அங்கே நான் சொல்லவில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.