போன் ஏன்டி சுடுது?

1. கூட்டேரிப்பட்டு ஜங்ஷன்

அந்த அழைப்பு வந்தபோது கூட்டேரிப்பட்டில் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மயிலம் முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழி. விழுப்புரத்திலிருந்து கஸ்தூரி பேசினாள். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு ஆலோசனை சொல்லி, மனு எழுதிக் கொடுத்து, கோர்ட் வரைக்கும் கூடவே போகிற வேலை அவளுடையது. வழக்கமாகச் சாப்பாட்டையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்:

"மேடம், உங்க ஆப்பால ஒரு பொம்பளைக்கு அடி விழுந்திருக்கு."

'உங்க ஆப்' என்று அவள் சொன்னது பெட்டகம் என்கிற மென்பொருளை. அது என்னுடையது மட்டும் அல்ல. முகம் தெரியாத பலர் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுகிற ஓபன் சோர்ஸ் வேலை. புரோகிராமை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். வெளியே பார்த்தால் வெறும் கால்குலேட்டர். ரகசிய எண்ணைப் போட்டால் உள்ளே திறக்கும். அதற்குள் வைக்கிற படமும் குரல் பதிவும் என்கிரிப்ட் ஆகி, சாவி இல்லாதவர்களுக்கு வெறும் குப்பையாகத் தெரியும். சென்னைக் கம்பெனியில் பாதி வயதைத் தொலைத்துவிட்டுத் திண்டிவனத்துக்கே திரும்பி வந்த நான், அதில் என்கிரிப்ஷன் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். கஸ்தூரிக்கு அதைப் பெருமையாகக் கொடுத்ததும் நான்தான்.

அடி வாங்கியவளைத் தனம் என்று வைத்துக்கொள்வோம். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். வீட்டுக்கு ஒரே போன். கடலில் நனைந்துவிடும் என்று அவள் புருஷன் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவான். அந்த நேரத்தில் தனம் காயங்களைப் படம் எடுத்து, நடந்ததைத் தன் குரலிலேயே சொல்லிப் பெட்டகத்தில் வைப்பாள். போனோடு விழுப்புரம் போய் அவன் வருவதற்குள் வீடு திரும்ப அவளுக்கு வழியில்லை. அனுப்பி வைக்கலாம் என்றால், ரீசார்ஜ் பண்ணுவதும் அவன், வாட்ஸப்பை நோண்டுவதும் அவன்.

காற்று சரியில்லாத ஒருநாள் படகு சீக்கிரமே திரும்பிவிட்டது. தனம் ஆப்பை மூடிவிட்டாள். திரையில் ஒன்றும் இல்லை. கால் லிஸ்டிலும் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் போனைக் கையில் எடுத்தான்.

"'போன் ஏன்டி இப்படிச் சுடுது? யார்கிட்ட இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்த?'ன்னு கேட்டிருக்கான் மேடம். லிஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னதும், இவ அழிச்சிட்டான்னு முடிவு பண்ணிட்டான். பூட்டு உடையவே இல்ல. ஆனா இவ மாட்டிக்கினா."

"ஆப்பை அழிச்சிடச் சொல்லு கஸ்தூரி" என்றேன்.

"சொன்னேன், கேக்கல. 'அழிச்சிட்டா மறுபடியும் அடி வாங்கித்தான ஆதாரம் சேக்கணும், எனக்குப் பதிலா நீங்க வர்றீங்களா'ன்னு கேக்கறா."

பஸ் வந்தது, நின்றது, போயும் விட்டது. நான் ஏறவில்லை.

2. உள்ளங்கை

எங்கள் தொழிலில் சைடு சேனல் என்று ஒரு சொல் உண்டு. பூட்டை உடைக்காமலே ரகசியத்தைப் பிடிக்கிற வழி. ஒரு கணக்கைப் போட மெஷின் எவ்வளவு நேரம் எடுக்கிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று அளந்தே உள்ளே நடப்பதை ஊகித்துவிடுவார்கள். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடமும் விலை உயர்ந்த கருவிகளும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை போதும் என்று அன்றுதான் தெரிந்தது. நாங்கள் பெரிய பெரிய அரசாங்கங்களையெல்லாம் எதிரியாக வைத்துக் கோட்டை கட்டியிருந்தோம். குப்பத்துக்காரன் ஒருவன் பக்கத்து வழியாக உள்ளே வந்துவிட்டான்.

என் போனில் சோதித்துப் பார்த்தால் சில்லென்று இருந்தது. காரணம் எளிது. விலை உயர்ந்த போன்களில் நாங்கள் பயன்படுத்திய ஏ.இ.எஸ். என்கிற என்கிரிப்ஷன் முறைக்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கும். தனத்தின் போன் மாதிரி மலிவான போனில் அது இல்லை. எல்லாவற்றையும் பிராசஸர் தானே மூச்சு வாங்கிக்கொண்டு போட வேண்டும்.

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போய் அதே மாடலைக் கேட்டேன். கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"இதையா கேக்குறீங்க மேடம்? இது ஹேங் ஆகறதுக்குன்னே பொறந்த போனு. பெரிய பேஜாரு. நல்லதா ஒண்ணு காட்டட்டுங்களா?"

"எனக்கு ஹேங் ஆகறதுதாங்க வேணும்."

அவர் போனை எடுத்துத் தூசி துடைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டகத்தைப் போட்டு, படங்களை நிரப்பி, மூடினேன். 'பூட்டப்படுகிறது' என்று வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. அந்த வட்டம் சுற்றுகிற நேரமெல்லாம் அங்கே ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைத்தபோது, வேகத்தை அளந்து நான் போட்ட கிராஃபெல்லாம் எதற்கு என்று இருந்தது.

3. சித்தப்பா

முதலில் குறுக்குவழியில் போனேன். பெரிய அட்டவணைகளை முன்கூட்டியே போட்டு வைத்து, கணக்குப் போடாமல் அதில் பார்த்து எடுக்கிற வழி. வேகம் கூடியது. அனுப்பினேன். எங்கள் திட்டத்தில் எதைச் சேர்த்தாலும் ஹெல்கா என்கிற அம்மாள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதோ குளிர்நாட்டில் இருக்கிறார். முகம் பார்த்ததில்லை. ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார். 'அட்டவணையில் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பது சாவியைப் பொறுத்தது. அதனால் ஆகிற நேரமும் சாவியைப் பொறுத்து மாறும். ஒரு சூட்டை மறைக்க இன்னொரு ஓட்டை போடாதீர்கள்' என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாம்பாருக்கு உப்பு போடவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

அப்புறம்தான் சாச்சா பக்கம் போனேன். அதுவும் ஒரு என்கிரிப்ஷன் முறைதான். பேரைக் கேட்டதும் கஸ்தூரி சிரித்துவிட்டாள்.

"சாச்சாவா? எங்க தெருவுல பாய் வீட்டுப் பசங்க சித்தப்பாவை அப்படித்தான் கூப்புடும். அப்ப பழசு பெரியப்பாவா?"

அன்றிலிருந்து எங்கள் பேச்சில் அது சித்தப்பாதான்.

பெயரை வைத்து விளையாடினாலும், உள்ளே இறங்கிப் படித்தபோது நான் மலைத்துப்போனேன். இருப்பதே மூன்று வேலை. எண்களைக் கூட்டு, பூஜ்யம், ஒன்று என்கிற பிட்டுகளை வட்டமாகச் சுழற்று, ஒன்றை ஒன்றோடு கலந்து மாற்று. அவ்வளவுதான். கேப்பைக் களி கிண்டுகிற மாதிரி திரும்பத் திரும்ப இதையே செய்ய வேண்டும். எந்த ஓட்டைப் போனுக்கும் இந்த மூன்றும் தெரியும். சாவி எதுவாக இருந்தாலும் ஒரே நேரம்தான் ஆகும், அதனால் நேரத்தை வைத்தும் பிடிக்க முடியாது. இப்படிக் கிண்டி எடுத்ததை, உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஓட்டினாலும், சாவியில்லாமல் பிரிக்க இன்றுவரை யாருக்கும் வழி தெரியவில்லை. இதை யாரோ கண்டுபிடித்து, காசு கேட்காமல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அரசனுக்கும் அதே பூட்டு, தனத்துக்கும் அதே பூட்டு. மேசை முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூட்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு படம் சேர்த்தாலும் மொத்தப் பெட்டகத்தையும் மூடும்போது மறுபடி பூட்டுகிற அமைப்பு. அதைத் துண்டு துண்டாக்கினேன். எடுத்த படத்தை எடுத்த உடனேயே பூட்டிவிடும். அப்படியானால் மூடுவதற்கு என்ன வேலை மிச்சம்? ஆப் சாவியை மறப்பது மட்டும்தான்.

திறப்பதையும் வேகமாக்கிவிடலாமா என்று ஒரு ஆசை வந்தது. ரகசிய எண்ணைச் சரிபார்க்கிற இடம் வேண்டுமென்றே மெதுவாக வைக்கப்பட்டது. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் அலுப்புத் தட்ட வேண்டும் என்பதற்காக. கஸ்தூரியிடம் கேட்டேன். அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"தெறக்கறப்ப அவன் கடல்ல இருக்கான் மேடம், மெதுவாவே தெறக்கட்டும். மூடறப்பதான் கரைக்கு வந்துடறான்."

திறப்பதைத் தொடவில்லை. சூடானாலும் ஆற நேரம் இருக்கிறது.

4. மீன் ஐஸ்

புதிய ஆப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு கஸ்தூரியும் நானும் குப்பத்துக்குப் போனோம். கேட்டால் மகளிர் குழு மீட்டிங் என்று சொல்வதாக ஏற்பாடு. தனம் ஒல்லியாக, வேகவேகமாகப் பேசுகிறவளாக இருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் அந்தப் பூட்டு மேடமா?" என்றாள்.

ஒரே ஒரு சிக்கல். பழைய பெட்டகத்தில் இருப்பதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பெரியப்பாவின் பூட்டை முழுதாகத் திறந்து சித்தப்பாவின் பூட்டைப் போட வேண்டும். கடைசியாக ஒருமுறை போன் சூடாகித்தான் தீரும். நடுவில் நிறுத்தினால் சேர்த்ததெல்லாம் போய்விடும். படகு வர நேரம் இருக்கிறது என்று தனம் சொன்னதால் ஆரம்பித்தோம்.

வட்டம் பாதி சுற்றியிருக்கும். மணலில் டிராக்டர் படகை இழுக்கிற சத்தம் கேட்டது. தனம் எட்டிப் பார்த்தாள். "வந்துட்டான்" என்றாள். குரலில் பதற்றமே இல்லை.

"இன்னும் முடியலம்மா. இப்ப நிறுத்தக் கூடாது" என்றேன்.

அவள் போனை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றினாள். வாசலோரம் மீனுக்காக வைத்திருந்த பெட்டியைத் திறந்து ஐஸ் மேலே வைத்து மூடினாள். நாங்கள் மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து குழுக்கடன் பற்றிப் பேசினோம். என்ன பேசினேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை.

கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்தோம். முடிந்திருந்தது. பழையதை அழித்தேன். போன் சில்லென்று இருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். தனம் விடவில்லை. போனைத் துடைத்து, இடுப்பில் புடவைக்குள் செருகி, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சில்லுனு இருந்தாலும் கேப்பான் மேடம். உடம்பு சூடு ஏறட்டும்."

இத்தனை வருஷத்தில் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இது இல்லை. அப்படியே பிரமித்து உட்கார்ந்துவிட்டேன்.

அவன் வந்தான். எங்களைப் பார்த்து, "என்னா கூட்டம்?" என்றான்.

"குழு மீட்டிங்குங்க" என்றாள் கஸ்தூரி.

கையை நீட்டினான். தனம் போனைக் கொடுத்தாள். அவன் வாங்கி ஒரு விநாடி கைக்குள்ளேயே வைத்திருந்தான். நான் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஜல்தி சோத்தைப் போடு" என்று உள்ளே போனான்.

நடந்ததை ஹெல்காவுக்கு எழுதினேன். ரொம்ப நாள் பதில் இல்லை. பிறகு வந்தது: 'நம் எதிரிகள் பட்டியலில் உள்ளங்கையைச் சேர்த்துவிட்டேன்.' அதோடு, மலிவான போனில் மூடும்போது சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் ஒரு சோதனையையும் எழுதச் சொன்னார். எழுதினேன். 'சுடுதா' என்று பெயர் வைத்தேன். இன்று எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள், அர்த்தம் தெரியாமலே, சோதனையில் தேறிவிட்டது என்பதற்கு 'சுடுதா பாஸ்' என்று எழுதி அனுப்புகிறார்கள்.

5. அவசரமில்லை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வேகத்தை அளக்கும் முன்னால், அந்த வேகம் யாருடைய அவசரத்துக்கு என்று கேளுங்கள். எங்கே வேகமாக இருக்க வேண்டும், எங்கே மெதுவாக இருக்கலாம் என்று அதற்கப்புறம் தானாகத் தெரியும்.

சில மாதம் கழித்து, அவன் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில், இனித் திரும்பிப் போவதில்லை என்ற முடிவோடு தனம் போனை எடுத்துக்கொண்டு மரக்காணத்தில் பஸ் ஏறிவிட்டாள். திண்டிவனத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். விழுப்புரத்தில் கஸ்தூரி எங்களை மனு வாங்கும் அதிகாரியிடம் அழைத்துப் போனாள்.

"ஆதாரம் இருக்குன்னீங்களே, காட்டும்மா" என்றார் அவர்.

தனம் கால்குலேட்டரைத் திறந்து எண்ணைப் போட்டாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாகத்தான் சுற்றியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, மாட்டிக்கிச்சா? ஜல்தி தெறக்காதா?"

"அது அப்படித்தான் சார், மெதுவாத்தான் தெறக்கும்" என்றாள் தனம். போனை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல."