கிளினிக் நாளுக்கு மட்டும் சொட்டு மருந்து

என் கணவருக்குக் கண்ணில் அழுத்த நோய் என்று தெரிந்தபோது அவர் மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். வலி இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் தினமும் சொட்டு மருந்து விடாவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வரும், போனது திரும்பாது என்றார் டாக்டர். இரண்டு வருடமாக ஒவ்வொரு பரிசோதனையிலும் "பிரஷர் குட்" என்று பாராட்டு. என் வாய் சும்மா இருக்குமா? பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. டெலிபோன் லைனில் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுத்தான் திறக்கும். அதில் கண் நோயாளிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் ஒரு குழுவைக் கண்டுபிடித்தேன். டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் அங்கே கொட்டினார்கள். படியில் கால் இடறும் என்று பயந்து, ஒரு பெண் மகளின் கல்யாணத்தில் மேடைக்கே ஏறவில்லையாம். ஞாயிறு மத்தியானங்களில் நான் படித்துத் தமிழில் சொல்வேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பார் இவர்.

ஒருநாள் கனடாக்காரர் ஒருவர் எழுதியதைப் படித்தேன். கிளினிக் போவதற்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் சொட்டு விடுவாராம். பிரஷர் அளவு சரியாகவே இருக்குமாம். இப்போது ஒரு கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டதாம்.

"என்ன மனுஷன் லா இவன்! யாரை ஏமாத்துறான்?" என்று பொரிந்து தள்ளினேன்.

பேப்பர் கீழே இறங்கியது. "இன்னொரு தடவை படி," என்றார். படித்தேன். எழுந்து போய், லோரிக்கு எடுத்துப்போகும் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே சீல் உடைக்காத மருந்துக் குப்பிகள்.

"காலையில ஊத்தினா அரை மணி நேரம் மங்கலா இருக்கு. ஹைவேல எப்படி ஓட்டறது? வெளிய சொன்னா லைசன்ஸ்ல கை வைப்பாங்க. நீ வேற ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட வெட்கம். முன்பின் தெரியாதவர்களின் கடிதங்களை வாரம் தவறாமல் படித்த நான், இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அன்றைக்கே, அவர் சொல்லச் சொல்ல அந்தக் கனடாக்காரருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், நான் சொல்லாமலே இருந்துவிட்டேன் என்று இரண்டே வரி.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் வழக்கம்போல "குட்" என்றார்.

"இல்ல டாக்டர். இது ரெண்டு நாள் மருந்தோட பிரஷர்," என்றார் இவர்.

டாக்டர் திட்டவில்லை. மருந்தைத் தூங்கப்போகும் நேரத்துக்கு மாற்றினார். அன்று எடுத்த பார்வைச் சோதனையில் இடது கண்ணின் ஓரம் போயிருந்தது. இனி லோரி வேண்டாம் என்றார்.

வெளியே வந்து சாலையைக் கடக்க நின்றோம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு நாலடி முன்னாலேயே நடப்பவர், அன்று காத்திருந்து இடது கையை நீட்டினார்.

"நீ இந்தப் பக்கம் வா. இங்க வர்ற வண்டி எனக்குத் தெரியல."